பானையானவனும் ஒற்றை எலுமிச்சம்பழமும்

முன்னொரு காலத்தில், ஆறுகள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு ஓடிய காலத்தில், ஏழு மலைக்கு அந்தப் பக்கம் செம்புழுதி நாடு என்று ஒரு நாடு இருந்தது. பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். தொண்டை வறண்டிருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கேளுங்கள். இது தாகத்தின் கதை.

அந்த நாட்டில் மூன்று பாதைகள் கூடுகிற முனையில், ஒரு புளியமரத்து நிழலில், செவந்தான் என்பவன் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தான். அவன் மனைவி மருதாயி. பந்தலுக்கு மூன்றே வழக்கம். தாகம் என்று வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. குடிக்கிறவர் யாரானாலும் இரண்டு கையையும் குவித்துத்தான் குடிக்க வேண்டும். ராஜாவானாலும் இரண்டு கை, ஆண்டியானாலும் இரண்டு கை. குடிக்கிறவர் வாயைத் திறந்து ‘போதும்’ என்று சொல்லும்வரை ஊற்றுகிறவர் நிறுத்தக் கூடாது.

செவந்தான் கவலையில்லாத மனிதன். அவனுக்கும் சேர்த்து மருதாயி கவலைப்பட்டாள். கிணறு வற்றிவிடுமோ என்று கவலை, பந்தல் சாய்ந்துவிடுமோ என்று கவலை, கவலைப்பட மறந்த விஷயம் ஏதாவது இருக்குமோ என்றும் ஒரு கவலை.

ஒரு கோடையில் அந்தப் பாதை வழியாக ஒருவன் வந்தான். வெடித்த வயல்போல் முகம். கையில் எலும்பு நிறத்தில் ஒரு கோல். அவன் நடந்த இடத்தில் புல் கருகியது. அவன்தான் வறட்கோலன், மந்திரவாதி.

“தண்ணீர்!” என்றான்.

“வாங்க ஐயா. கோலைக் கீழ வச்சிட்டு ரெண்டு கையையும் ஏந்துங்க” என்றான் செவந்தான்.

“என்ன சொன்னாய்? வறட்கோலனைக் கை ஏந்தச் சொல்கிறாயா?”

“யார் வந்தாலும் அதுதாங்க வழக்கம். ராஜாவே வந்து ஏந்திட்டுத்தான் போனாரு. குனிஞ்சப்ப கிரீடம் தண்ணியில விழுந்துச்சு, வேற ஒரு நஷ்டமும் இல்ல.”

எந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பது செவந்தானுக்கு எப்போதுமே தெரியாது. சிரித்தான்.

வறட்கோலன் கோலை உயர்த்தினான். “ஊரார் தாகத்தைத் தீர்க்க உனக்கு அவ்வளவு ஆசையா? நீயே பானையாகு! உன் உயிரே நீராகட்டும். அந்த நீர் வற்றும்போது நீயும் ஓடாகிப் போ. வெளித் தண்ணீர் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் வெடித்துச் சிதறு!”

மருதாயி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செவந்தான் நின்ற இடத்தில் ஒரு சிவப்பு மண்பானை இருந்தது. கழுத்துவரை நீர். அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

களக்.

அது அவன் குரலா, வெறும் தண்ணீரா? மருதாயிக்குத் தெரியவில்லை.

அன்றோடு நாட்டில் நீர் வற்ற ஆரம்பித்தது. வறட்கோலன் போகிற வழியில் இருந்த குளத்தைக் குடித்தான், ஏரியைக் குடித்தான், ஆற்றைக் குடித்தான். குடித்தும் அவன் தாகம் அடங்கவில்லை. ஊர்க் கிணறுகளில் தவளைகள் வாளியில் ஏறி மேலே வந்துவிட்டன.

மருதாயி பந்தலை மூடினாள். பானையைக் குடிசைக்குள் இருட்டு மூலையில் மணல் பரப்பி வைத்தாள். அதைச் சுற்றி ஈரச் சாக்குப் போடலாமா? அந்த ஈரம் உள்ளே கசிந்துவிட்டால்? வேண்டாம். மூடி போட்டு வைக்கலாமா? அவனுக்கு மூச்சு முட்டினால்? பாதி மூடி வைத்தாள். விரலால் பானையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டாள். நீர் எவ்வளவு இருக்கிறது என்பது சத்தத்தில் தெரியும்.

தட்டும்போது விரல் நனைந்தது. பானை வேர்த்திருந்தது. மண்பானை என்றால் வேர்க்கத்தானே செய்யும்? வேர்த்தால்தானே உள்ளே குளிரும்? ஆனால் வேர்க்கிற ஒவ்வொரு துளியும் அவன் உயிர். யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்தாலும் குறைகிறது. அதை அறிந்த அன்று மருதாயிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது கூரை இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, ஒரு சொட்டுத் தண்ணி.”

நிமிர்ந்து பார்த்தாள். ஓர் ஓணான். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணி இல்ல, போ.”

“இருக்குன்னு எனக்குத் தெரியும். வாசனை வருது. தண்ணி விஷயத்துல எங்க வம்சத்துக்கே கெட்ட பேரு. எந்தக் காலத்துலயோ எங்க முப்பாட்டன் யாருக்கோ தண்ணிக்குப் பதிலா வேற என்னத்தையோ குடுத்துட்டானாம். இன்னிக்கும் கல்லெடுத்து அடிக்கிறாங்க. நீயும் அடிச்சிரு, குடிக்காம சாகறதுக்கு அது தேவலை.”

மருதாயி பானையைப் பார்த்தாள். “என்னங்க, குடுக்கட்டுமா?”

களக்.

கொடு என்கிறானா, வேண்டாம் என்கிறானா? அவனாக இருந்தால் என்ன சொல்வான்? கொடு என்பான். ஆனால் அது அவன் மனிதனாக இருந்தபோது. உயிரே நீராக ஆனபிறகும் ஒருவன் அதையே சொல்வானா? வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தாள். சிரட்டையில் மொண்டு, விரல் நுனியால் ஓணானின் வாயில் சொட்டினாள். ‘போதும்’ என்று அது சொல்லும்வரை சொட்டினாள்.

ஓணான் கண்ணைச் சுழற்றிக்கொண்டது. “அக்கா, நான் வறட்கோலன் தோட்டத்து வேலியில இருந்தவன். அவன் ரகசியம் ஒண்ணு சொல்றேன், கேளு. அவனுக்கு வித்தை சொல்லிக் குடுத்த பூதம் ஒரு நிபந்தனை போட்டுச்சு. ‘போதும்’ங்கிற சொல்லை அவன் வாயால சொல்லாத வரைக்கும் வித்தை அவன்கிட்ட இருக்கும். சொன்ன நிமிஷம் கட்டின கட்டெல்லாம் அவிழ்ந்துரும்.”

“பொன்னைக் குடுத்தாலும் பூமியைக் குடுத்தாலும் மனுஷன் போதும்னு சொல்ல மாட்டானே.”

“சொல்ல மாட்டான். வயிறும் தொண்டையும் நெறஞ்சாத்தான் சொல்லுவான். ஆனா இவன் ஆத்தையே குடிச்சும் நெறையலையே, ஏன் தெரியுமா? அவன் நாக்கு செத்துப்போச்சு. நாக்குல ஊற வேண்டிய ஊத்து வத்திப்போச்சு. வெளியிலேருந்து எவ்வளவு ஊத்தினாலும் மணல்ல ஊத்தின மாதிரிதான். இன்னொண்ணு, அவன் தொட்ட செம்பும் தம்ளரும் அந்த நிமிஷமே காஞ்சிரும். அதனாலதான் ஆடு மாடு மாதிரி குளத்துல வாய் வச்சுக் குடிக்கிறான்.”

மருதாயி யோசித்தாள். செத்த நாக்கில் ஊற்றை எழுப்புவது எது? எதை நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறது? நினைத்தாள், அவள் வாயிலேயே ஊறியது.

“எலுமிச்சை!” என்றாள்.

“நாடெல்லாம் காஞ்சு கெடக்கு, எலுமிச்சைக்கு எங்க போவ? அவன் தோட்டத்து முள்மரத்துல ஒரே ஒரு பழம் தொங்குது. நான் காம்பைக் கடிச்சுத் தள்ளுறேன். நீ கீழ நின்னு புடிச்சுக்க.”

மருதாயி பானையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. வாசல்வரை போனாள், திரும்பி வந்து பானையைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். முள்வேலிக்கு அடியில் முந்தானையை விரித்து நின்றாள். பழம் விழுந்தது. மஞ்சளாக, கனமாக, ஒரு குருவிக் குஞ்சைப்போல் வந்து விழுந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

வீட்டு வாசலில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். உப்பு வணிகன். வண்டியில் உப்பு மூட்டை, நாக்கைத் தொங்கவிட்டபடி இரண்டு மாடுகள்.

“தாயி, ஒரு வாய் தண்ணி.”

“இல்லைங்க.”

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. களக்.

“உள்ள என்ன சத்தம் தாயி?”

“பூனைங்க.”

“களக்குன்னு கத்துற பூனையா? நான் நாலு தேசம் சுத்தினவன், எந்த ஊர்லயும் பார்க்கலையே.”

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லக் கூடாது என்பது செவந்தான் வைத்த வழக்கம். அவனைக் காப்பாற்றத்தான் அதை மீறினாள். அப்படியானால் அது மீறலா, இல்லையா? உள்ளே போனாள். “குடுக்கட்டுமா?” என்று கேட்டாள். களக். முன்னைவிட ஆழத்திலிருந்து வந்தது. கையில் ஊற்றினாள். வணிகன் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைக் கையில் ஏந்தி மாடுகளின் நாக்கை நனைத்தான். ‘போதும்’ என்றான். போகும்போது ஒரு பிடி உப்பு வைத்துவிட்டுப் போனான்.

அவன் வண்டி மறைவதற்குள் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தை அழவில்லை, அழுவதற்கு அதனிடம் ஈரம் இல்லை. அவள் கையில் ஒரு சிரட்டை, அதில் கொஞ்சம் மண், மண்ணில் வாடிய புதினாச் செடி.

“எங்க தோட்டத்துல மிச்சம் இது ஒண்ணுதாங்க. விட மனசில்லாம தூக்கிட்டு வந்தேன்” என்றாள். தண்ணீர் கேட்கவில்லை. குழந்தையை மட்டும் பார்த்தாள்.

இந்த முறை மருதாயி பானையிடம் கேட்கவில்லை. கேட்டால் களக் என்று வரும்; அதைத் தனக்கு வேண்டியபடி பொருள் சொல்லிக்கொள்வாள். பேசாமல் மொண்டு ஊற்றினாள். தாய் குடித்தாள், குழந்தை குடித்தது, செடிக்கும் இரண்டு சொட்டு. ‘போதும்’ என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் புதினாவின் கொழுந்துகளைக் கிள்ளி மருதாயியின் கையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தை அழுதது. அந்த அழுகை கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

மருதாயி பானையைத் தட்டினாள். அடியிலிருந்துதான் சத்தம் வந்தது. இனித் தாமதிக்க முடியாது.

மண்சட்டியை எடுத்தாள், புளிப்பைப் பித்தளையில் விட்டால் களிம்பு ஏறிவிடும். கருப்பட்டித் துண்டு ஒன்று அடுக்கில் இருந்தது. அதைத் தட்டிப் போட்டாள். எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினாள், தோல் இளகி உள்ளே சாறு பிரியும்வரை. அறுத்தாள். பதற்றத்தில் அழுத்திப் பிழிந்துவிடக் கூடாது. விதை நசுங்கினால் கசந்துவிடும், தோல் நசுங்கினாலும் கசந்துவிடும். கையைக் கையால் பிடித்துக்கொண்டு பிழிந்தாள். புதினாவை அம்மியில் வைக்கவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு கசக்கு, இரண்டு கசக்கு, அவ்வளவுதான். உப்பு ஒரு சிட்டிகை.

இனித் தண்ணீர்.

இங்கேதான் மருதாயி ஒரு தவறு செய்தாள். எவ்வளவு நீர் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கோடைக்கெல்லாம் பந்தலில் பானகம் கரைத்த கை அது. ஆனால் பானையில் இருந்ததில் பாதியை மட்டும் மொண்டாள். மீதிப் பாதியை அவனுக்கென்று வைத்தாள். யார்தான் வைக்க மாட்டார்கள்? துணியில் வடிகட்டி, மூக்கு வைத்த மண்கிண்டியில் ஊற்றி, பானையையும் கிண்டியையும் பந்தலுக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

புதினாவின் வாசனையும் எலுமிச்சையின் வாசனையும் கைகோத்துக்கொண்டு வெயிலில் நடந்தன. ஊரைத் தாண்டின, காட்டைத் தாண்டின, காய்ந்த ஆற்றைத் தாண்டின. வறட்கோலனின் மூக்கைத் தொட்டன.

அவன் வந்தான். கோலைத் தரையில் குத்திக் குத்தி வந்தான்.

“என்ன அது? கொடு!”

ஒரு கையை நீட்டினான். மருதாயி அந்தக் கையையே பார்த்தாள். இப்போது அவள் சொல்ல வேண்டிய சொற்கள், அவள் புருஷனைப் பானையாக்கிய அதே சொற்கள். சொல்லாமல் விட்டால் என்ன? ஒரு கையிலேயே ஊற்றினால் என்ன? விரல் இடுக்கில் எல்லாம் ஒழுகிப் போகும், அதுதான்.

“கோலைக் கீழ வச்சிட்டு… ரெண்டு கையையும் ஏந்துங்க ஐயா.”

வறட்கோலனின் கண் சிவந்தது. கோல் உயர்ந்தது. பந்தல் ஓலைகள் சடசடத்தன. அப்போது காற்று ஒருமுறை வீசியது. வாசனை அவன் முகத்தில் அடித்தது. உயர்ந்த கோல் இறங்கியது. ஆனால் தரைக்கு வரவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கையைக் குவித்தான், கக்கத்தில் கோல் இருந்ததால் கை வாய்வரை எட்டவில்லை. பல்லால் கவ்வினான், பல்லில் கோல் இருந்தால் எதைக் கொண்டு குடிப்பான்?

“ஐயா மூணாவதா தலையில வச்சுப் பாக்குறாரோ என்னமோ” என்றது கூரையிலிருந்த ஓணான்.

வறட்கோலன் உறுமினான். கோலைத் தரையில் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையையும் ஏந்தினான்.

மருதாயி ஊற்றினாள். ஒரு வாய் குடித்தவன் முகத்தைச் சுளித்தான்.

“தூ! தொண்டையை அறுக்கிறது. இதில் தண்ணீரே இல்லையா? கஞ்சப் பானகம்!”

அவன் கால் கோலை எத்தி எடுக்கப் பார்த்தது.

கஞ்சத்தனம்தான். பாதியை ஒளித்து வைத்துச் செய்தது பானகமாகுமா? மருதாயி பானையைப் பார்த்தாள். மீதி நீரும் போனால் செவந்தான் வெறும் ஓடு. மந்திரவாதி கோலை எடுத்துக்கொண்டு போனாலும், இன்றில்லாவிட்டால் நாளை, வேர்த்தே அவன் ஓடு. எந்தப் பக்கம் போனாலும் அதே இடம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு சொல் காத்திருக்கிறது. ஒருவேளை.

குனிந்து பானையின் வாயில் வாயை வைத்துக் கேட்டாள். “என்னங்க, எல்லாத்தையும் ஊத்திரட்டுமா?”

களக். அவ்வளவு மெல்லிய சத்தம். ஒரு சொட்டு இன்னொரு சொட்டோடு பேசியதுபோல.

அவள் பானையைத் தூக்கிக் கிண்டியில் கவிழ்த்தாள். கடைசித் துளிவரை. பிறகு கிண்டியை ஒரு சுழற்றுச் சுழற்றி, “ஐயா, ஏந்துங்க” என்றாள்.

புளிப்பு இப்போது நீரில் இறங்கியிருந்தது, இனிப்பு அதன் தோளில் கை போட்டிருந்தது, உப்பு இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது, புதினா எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது. வறட்கோலன் குடித்தான். இரண்டாம் வாயில் அவன் தாடை நடுங்கியது. மூன்றாம் வாயில் அவன் நாக்கின் அடியில் ஏதோ அசைந்தது. எத்தனையோ காலமாக மூடிக்கிடந்த ஊற்று. நீர் ஊறியது. வெளியிலிருந்து வந்த நீரல்ல, அவனுடைய சொந்த நீர்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. நிறைகிறது. வாயை மூடிக்கொண்டான். தலையை ஆட்டினான்.

ஆனால் தலையாட்டினால் நிறுத்துவது அந்தப் பந்தலின் வழக்கமல்ல. மருதாயி ஊற்றினாள். அவன் கையை எடுக்கப் பார்த்தான்; பல காலத்துக்குப் பிறகு ருசி கண்ட நாக்கு விடவில்லை. குடித்தான். தலையை ஆட்டினான். மருதாயி ஊற்றினாள். கிண்டியின் தாரை விரல் அளவிலிருந்து நூல் அளவாயிற்று. பின்னால் டிக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, பானையில் கீறல் விழுகிறது. உள்ளே ஈரம் காய்கிறது. நூல் அறுந்து துளியாயிற்று. ஒரு துளி. இன்னொரு துளி. டிக். மருதாயியின் கை நடுங்கவில்லை. நடுங்கினால் ஒரு துளி வீணாகுமே! இன்னொரு துளி. அதற்கு மேல் கிண்டியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

“போதும்!” என்று அலறினான் வறட்கோலன். “போதும் அம்மா, போதும்!”

காலடியிலிருந்த கோல் சுள்ளியாக ஒடிந்தது. தூரத்தில் ஆறு தன் பெயரைச் சொல்லும் சத்தம் கேட்டது. தவளைகள் வாளியிலிருந்து கிணற்றுக்குள் குதித்தன. மருதாயி மெல்லத் திரும்பினாள். திரும்பப் பயமாக இருந்தது.

பானை இருந்த இடத்தில் செவந்தான் உட்கார்ந்திருந்தான். தலை முதல் கால்வரை வேர்த்திருந்தான். இடது தோளில் ஒரு கீறல்.

“மருதாயி, ஒரு வாய் தண்ணி” என்றான். உதடு வெடித்திருந்தது. ஆனாலும் சிரித்தான்.

வறட்கோலன் நனைந்த தாடியோடு நின்றான். கோல் இல்லாமல் பார்த்தால் அவன் சாதாரணக் கிழவன். “இனி நான் என்ன செய்வது?” என்றான்.

“ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு? இனி எலுமிச்சை காய்க்கும். உருட்டிக் குடுங்க. விதை நசுங்கக் கூடாது” என்றாள் மருதாயி.

ராஜா மறுபடி வந்தார், கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குடித்தார், மூன்று பாதை முனையைச் சுற்றி ஓர் எலுமிச்சைத் தோப்பையே பந்தலுக்கு எழுதி வைத்தார். ஓணானுக்கு ஒரு சிரட்டை எப்போதும் நிரம்பி இருந்தது; அந்த நாட்டில் ஓணானைக் கல்லால் அடிப்பாரில்லை.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் மருதாயிக்கு மனம் ஆறவில்லை. ஒரு மத்தியானம் புதினா ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“ஏங்க, நான் குடுக்கட்டுமான்னு கேட்டப்பல்லாம் களக், களக்குன்னீங்களே. என்ன சொன்னீங்க?”

செவந்தான் தோள் கீறலைத் தடவிக்கொண்டான்.

“ஓணானுக்குக் குடுக்கவான்னு கேட்ட. குடுன்னேன். உப்புக்காரருக்கு? குடுன்னேன். அந்தப் புள்ளைக்கு நீ கேக்கவே இல்ல, நானே குடு குடுன்னு கத்தினேன்.”

“கடைசியில?”

அவன் ஒரு புதினாக் கொழுந்தை எடுத்துக் கிள்ளினான்.

“கடைசியில வேண்டாம்னுதான் சொன்னேன், மருதாயி. ரொம்பப் பயமா இருந்துச்சு.”

மருதாயியின் கையில் புதினா அப்படியே நின்றது. பிறகு அவள் சிரித்தாள், அழுதாள், எது முதலில் வந்தது என்று ஓணானுக்கே தெரியவில்லை.

“நல்லவேளை, எனக்குப் புரியல” என்றாள்.

அப்போது பாதையில் யாரோ வரும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்து கிண்டியை எடுத்தார்கள்.

கேட்டவர்கள் நாவெல்லாம் ஊறட்டும், கேளாதவர் கிணறும் ஊறட்டும். கதை இவ்வளவுதான், போதும்.